வாரா, பற்சக்கரமா?

சொந்தமாக ஓர் ஆகாய விமானம் செய்து பறக்கப் போகிறேன் என்று வீட்டுப் பிள்ளை சொன்னால், பெரியவர்கள் முதலில் அவனுடைய ஜாதகத்தைத்தான் தேடி எடுப்பார்கள். ஆனால் காரியம் அவ்வளவு விபரீதமானதன்று. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் ஆயிரக்கணக்கான குடும்பஸ்தர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானங்களைச் செய்து முடித்து, சர்க்கார் பரிசோதனைக்கும் உட்படுத்திப் பறந்து வருகிறார்கள். நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. 1910-ஆம் ஆண்டிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டாஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். நம் காலத்தில், 2014-ஆம் ஆண்டில், கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் என்பவர் தம் கையால் செய்த சிறு விமானம் நமது திருநெல்வேலி மாவட்டத்தில் ஆகாயத்தில் எழும்பிற்று. பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர் அவர். பள்ளிப் படிப்போ ஏழாம் வகுப்பு மட்டும்.

இவ்விதம் விமானம் செய்யப் புகுவோர் பலரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். இஞ்சினுக்கும் அதன் முன்னே சுழலும் விசிறிக்கும் நடுவில் எதை வைப்பது? ரப்பர் வாரா, எஃகுப் பற்சக்கரமா? கேட்பதற்கு அற்பமாய்த் தோன்றும் கேள்விதான். ஆயினும் இஞ்சினின் சக்தி முழுவதும் அந்த ஓர் இணைப்பின் வழியாகத்தான் விசிறிக்குச் சென்றாக வேண்டும். அது அறுந்தாலும் உடைந்தாலும், இஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இரைந்துகொண்டிருந்தாலும் பயனில்லை. கீழே காலி வயல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பாகூர் போதும். புதுவைப் பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள பெரிய ஏரியும் மூலநாதர் கோயிலும் பலரும் அறிந்தவை. நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு ஒன்று, பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உயர்தரக் கல்லூரி நடந்த ஊரில் நாம் இன்றைக்கு ஒரு யந்திரப் பாடம் படிப்பதில் பிசகொன்றும் இல்லை.

பழைய முறை அரிசி ஆலை ஒன்றை நேயர்கள் கண்டிருக்கலாம். ஒரு மூலையில் எண்ணெய் இஞ்சினோ மின்சார மோட்டாரோ ஓடும். அதன் சிறிய உருளையிலிருந்து நீண்ட வார் ஒன்று புறப்பட்டு அரவை யந்திரத்தின் பெரிய உருளையைச் சுற்றி வரும். சிறிய உருளை பல முறை சுழன்றால் பெரியது சில முறைதான் சுழலும். வேகம் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்குத் திருகும் பலம் கூடுகிறது. வேகக் குறைப்பு என்பது இதுதான். சேற்று உழவுக்கு வரும் பவர் டில்லரைக் கவனித்தால் இன்னும் வேடிக்கை. இஞ்சினிலிருந்து முதலில் வி-பெல்ட்டுகள். அவற்றுக்கு அப்பால் பற்சக்கரப் பெட்டி. நாம் எடுத்துக்கொண்ட கேள்வியின் இரண்டு கட்சியும் ஒரே வண்டியில், ஒரே வயலில் சமாதானமாக வேலை செய்கின்றன! ஆனால் ஆலையில் பெல்ட் அறுந்தால் ஆலைக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆளை அனுப்பி வேறு பெல்ட் வாங்கி வரச் செய்வார். ஆயிரம் அடி உயரத்தில் அந்தச் சௌகரியம் இல்லை.

விசிறியை நேரே இஞ்சின் அச்சிலேயே பொருத்திவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். பொருத்தலாம், பலர் பொருத்துகிறார்கள். அமெரிக்க லைகமிங், ஆஸ்திரேலிய ஜபிரு முதலிய இஞ்சின்கள் அப்படிப்பட்டவை. நிமிடத்துக்கு 2,700 சுற்றிலோ 3,300 சுற்றிலோ தங்கள் முழுச் சக்தியையும் தரும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ பிறந்த இஞ்சின் வேறு ஜாதி. வேகமாகச் சுழன்றால்தான் அதற்குப் பலம் வரும். சிறிய கனத்தில் பெரிய சக்தி வேண்டுமானால் 5,000, 6,000 சுற்று என்று ஓட வேண்டியிருக்கிறது. விசிறிக்கு அந்த வேகம் ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.73 மீட்டர் குறுக்களவுள்ள விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் நுனி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 5,800 சுற்று என்றால், நுனியின் வேகம் வினாடிக்கு 525 மீட்டர் ஆகிறது. பாகூர் வெயிலில் ஒலி செல்லும் வேகமே வினாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான். ஒலியை மிஞ்சி ஓடும் விசிறி நுனி காற்றைப் பின்னுக்குத் தள்ளுவதை விட்டு, ஊரைக் கூட்டும் இரைச்சலாகச் சக்தியை வீணாக்கிவிடும். அதே இஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே 2.43-க்கு 1 என்ற குறைப்பை வைத்தால், விசிறி 2,387 சுற்றுத்தான் சுழலும். நுனி வேகம் 216 மீட்டருக்கு இறங்கிவிடும். பெரிய விசிறி நிதானமாகச் சுழன்று நிறையக் காற்றைத் தள்ளுவதே சிறு விமானத்துக்கு உகந்த முறை.

ரைட் சகோதரர்கள் இதை ஆதியிலேயே அறிந்திருந்தார்கள். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி பறந்த அவர்களுடைய விமானத்தில் இருந்தது சுமார் 12 குதிரைசக்தி இஞ்சின். சைக்கிள் வியாபாரிகளல்லவா? வாரையும் நாடாமல், பற்சக்கரத்தோடு பற்சக்கரத்தை நேரே கோக்கவும் செய்யாமல், சங்கிலி போட்டார்கள். இஞ்சின் பக்கம் 8 பல், விசிறிப் பக்கம் 23 பல். விசிறிகள் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுத்தான் சுழன்றன. ஆனால் அவர்கள் பறப்பதற்கு முன் பட்ட பாட்டைத்தான் இன்றைக்கு விமானம் செய்வோர் மனத்தில் வைக்க வேண்டும். இஞ்சின் விட்டுவிட்டு வெடித்து உதறியதில் விசிறி அச்சுகள் பழுதாயின. திருத்தி மாட்டிய குழாய் அச்சிலும் விரிசல் கண்டது. ஆர்வில் ரைட் கடற்கரை முகாமை விட்டு டேட்டனுக்கு ரயிலேறிப் போய், கெட்டி எஃகில் புதிய அச்சுகளைச் செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் திரும்பி வந்தார். மனிதன் பறப்பது சில வாரம் தாமதப்பட்டதற்கு இஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவிலிருந்த சிறிய அச்சுதான் காரணம்.

அச்சை விரியச் செய்தது எது? முறுக்கு அதிர்வு. இதை அறியாமல் வாரா, பற்சக்கரமா என்று வாதாடுவது வீண் பேச்சாகும். இஞ்சின் நமக்கு ஒரே சீராகச் சுழல்வதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு சுற்றுக்குள்ளேயே விரைவதும் தயங்குவதுமாகத்தான் ஓடுகிறது. நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பும் அச்சுக்கு ஓர் அறை கொடுக்கிறது. 5,000 சுற்று என்றால் நிமிடத்துக்குப் பதினாயிரம் அறை. மறுமுனையில் கனத்த விசிறி, தன் வேகத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாகச் சுழல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட அச்சு முறுக்குவதும் அவிழ்வதுமாகத் தவிக்கிறது. ஊஞ்சலைச் சரியான தருணம் பார்த்து மெல்லத் தள்ளினாலே அது மேன்மேலும் உயர்ந்து போகிறதல்லவா? அதுபோல, அச்சின் இயற்கையான அதிர்வும் இஞ்சினின் அறைகளும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒத்துப் போய்விட்டால், இஞ்சினின் சராசரிப் பலத்தைப் போல் பல மடங்கு முறுக்கு அங்கே பிறந்துவிடும். பற்சக்கரத்தின் பல் உதிர்வதும் அச்சு முறிவதும் பெரும்பாலும் இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

காரில் இந்தச் சங்கடம் ஏன் இல்லை என்றால், காரைச் செய்த கம்பெனியார் இஞ்சின், கிளட்ச், கியர்ப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு குடும்பமாகப் பொருத்திச் சோதித்து விற்கிறார்கள். அந்த இஞ்சினை மட்டும் கழற்றி எடுத்து, அதற்கு முன்பின் அறியாத விசிறியை மாட்டினால், குடும்பம் புதிது. சண்டை எங்கே மூளும் என்று யாருக்கும் தெரியாது.

இனிப் பற்சக்கரத்தின் கட்சியைக் கேட்போம். அதற்கு நல்ல சாட்சி புதுச்சேரியிலேயே கிடைக்கிறது. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தார் செய்த ‘ஹன்ஸா-என்.ஜி.’ என்னும் இரண்டு ஆசனப் பயிற்சி விமானம் 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி அது பெங்களூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. மார்ச் 5-ஆம் தேதி வரை அங்கேயே இருந்து 18 மணி நேரம் பறந்து கடல்மட்டப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு திரும்பிற்று. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. கடலோரத்து அடர்ந்த காற்றை உண்ணும்போதுதான் இஞ்சின் தன் முழுப் பலத்தையும் காட்டும். நடுவிலுள்ள இணைப்பும் முழுச் சுமையைத் தாங்கும்.

ஹன்ஸாவில் இருப்பது ஆஸ்திரியா தேசத்து ரோட்டாக்ஸ் இஞ்சின். அதன் மூக்கிலேயே பற்சக்கரப் பெட்டி அமைந்திருக்கிறது. நாம் மேலே கணக்குப் போட்ட 2.43 அதனுடைய குறைப்புத்தான். அந்தப் பெட்டிக்குள் வெறும் இரண்டு பற்சக்கரங்கள் மட்டும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வெடிப்பின் அறை பல்லில் நேரே விழாதபடி, வில்தட்டுகள் அழுத்திப் பிடிக்கும் சரிவான பற்களுள்ள இணைப்பு ஒன்று நடுவே நின்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. விசிறி தரையில் மோதினால் வழுக்கிக்கொடுத்து இஞ்சின் அச்சைக் காப்பாற்றும் கிளட்சும் உண்டு. அப்படியிருந்தும், இஞ்சினை 1,400 சுற்றுக்குக் கீழே சோம்பலாக ஓட விடாதீர்கள் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். அந்த மந்த வேகத்தில் பற்கள் முன்னும் பின்னுமாக ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும்.

பற்சக்கரத்துக்கு எண்ணெய்தான் உயிர். ரோட்டாக்ஸில் இஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரே எண்ணெய். இங்கே நம் நாட்டாருக்கென்று ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. இந்த இஞ்சின் மோட்டார் பெட்ரோலை உண்ணும்; ஆனால் அதில் கலந்த எத்தனால் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக் கூடாது. 2025-ஆம் ஆண்டுக்குள் நம் பெட்ரோல் பங்குகளில் நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோலே பொதுவாகிவிட்டது. ஆகையால் விமானப் பெட்ரோலை நாட வேண்டும். அதிலோ ஈயம் கலந்திருக்கிறது. அந்த ஈயம் வண்டலாக எண்ணெயில் இறங்கிப் பெட்டியைக் கெடுக்கும். அதனால் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றியாக வேண்டும். விமானத்தின் விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள் இந்தச் சில்லறைச் செலவையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாரின் கட்சியும் லேசானதல்ல. விமானத்துக்கு உதவும் வார், ஆலையில் ஓடும் பழைய தட்டை வார் அன்று. கார் இஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதனுடைய பெரிய தமையன் என்று சொல்லலாம். ரப்பருக்குள் உறுதியான நார்கள், உட்புறம் பற்கள். அது வழுக்காது, அதற்கு எண்ணெய் வேண்டாம், பெட்டி வேண்டாம். எஃகில் பல் வெட்டுவதைவிட அலுமினிய உருளையில் பல் வெட்டுவது நல்ல கடைசல் பட்டறைக்கு எளிது. விசிறி அச்சை இஞ்சினுக்கு மேலாக உயர்த்தி வைக்கலாம்; பெரிய விசிறி தரையில் இடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வார் கண்ணுக்குத் தெரிகிறது. புறப்படுவதற்கு முன் கையால் தடவிப் பார்த்து, விளிம்பு பிசிறியிருக்கிறதா, பல்லடியில் கீறல் உண்டா என்று அறியலாம். பற்சக்கரப் பெட்டிக்குள் நடப்பதோ, எண்ணெயை வடித்துக் காந்தத் திருகில் எஃகுத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால்தான் வெளியாகும்.

ஆனால் வாரைப் பற்றி ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இழுத்துக் கட்டாத வார் வேலை செய்யாது. 100 குதிரைசக்தியை 5,000 சுற்றில் பத்து சென்டிமீட்டர் உருளையின் வழியே கொண்டு செல்ல வேண்டுமானால், வாரின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம் மட்டுமே சுமார் 285 கிலோ. 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கைக் கயிற்றில் கட்டி இஞ்சின் அச்சின் முனையில் தொங்கவிட்டதற்கு ஏறக்குறைய சமானம்! கார் இஞ்சினின் அச்சு முறுக்குவதற்கென்று செய்யப்பட்டது; இவ்விதம் பக்கவாட்டில் இழுபடுவதற்கு அன்று. ஆகையால் உருளைக்கு முன்புறம் இன்னொரு பேரிங் வைத்து அந்தச் சுமையைத் தாங்கச் செய்ய வேண்டும். அன்றியும், இஞ்சின் சூடேறி அலுமினியம் விரியும்போது இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி கூடி வார் தானே இன்னும் இறுகிக்கொள்ளும். காலைக் குளிர்ச்சியில் சரியாகக் கட்டிய வார் நடுப்பகலில் பேரிங்கைத் தின்னத் தொடங்கும்.

ரப்பர் நெகிழும், ஆதலால் முறுக்கு அதிர்வு தானே அடங்கிவிடும் என்று சிலர் நிச்சயமாகச் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. நெகிழ்ச்சியினால் அபாயமான அதிர்வு வேகம் கீழே இறங்குவது மெய்; பறக்கும் வேகத்தை விட்டு அது விலகிப் போவது பெரிய நன்மை. ஆனால் உள்ளிருக்கும் நார்கள் நீளாதபடி செய்யப்பட்டவை. அதிர்வு ஒழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. மாறிய இடம் எது என்று கண்டறிவது செய்கிறவருடைய பொறுப்பு.

பெல்ட் செய்யும் பெரிய கம்பெனிகளில் ஒன்றான கேட்ஸ், தங்கள் பெல்ட்டுகளை விமான விசிறியை ஓட்டப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்திருக்கிறது. நம் மதுரையிலும் ஃபென்னர் பெல்ட்டுகள் தயாராகின்றன. அவையும் ஆலைக்கும் வாகனத்துக்கும் உரியவை. ஆகவே வாரைத் தேர்ந்தெடுப்பவர் தம்முடைய துணிவில்தான் தேர்ந்தெடுக்கிறார்; விற்றவர் பின்னால் நிற்கமாட்டார்.

அப்படியானால் வார் ஆகாயத்துக்கு அடியோடு ஆகாதா? அதுவும் இல்லை. அமெரிக்க ராபின்சன் கம்பெனியாரின் ஆர்-22 ஹெலிகாப்டர், 1979-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு சர்க்காரின் அத்தாட்சி பெற்றது. அதில் இஞ்சினின் சக்தி இரண்டு இரட்டை வி-பெல்ட்டுகளின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அப்பால் பற்சக்கரப் பெட்டி வழியாகப் பெரிய விசிறிக்குப் போகிறது. பாகூர் வயலில் பார்த்த பவர் டில்லரின் ஏற்பாடுதான் ஆகாயத்தில் பறக்கிறது! வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பெல்ட்டின் இறுக்கத்தை ஒரு மின்சாரக் கருவி ஓயாமல் கவனித்துத் திருத்துகிறது. அது வேலை செய்யும்போது ஓட்டுபவர் முன்னே ஒரு விளக்கு எரியும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் இறங்கிவிட வேண்டியது.

இவ்வளவையும் பார்த்தபின் நமது அபிப்பிராயத்தைச் சொல்லத் தடையில்லை. எது பலசாலி என்ற கேள்வி இரண்டாம் பட்சம். யார் செய்து, யார் சோதித்தது என்பதே முதல் கேள்வி. பணவசதி உள்ளவர், இஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்து சோதிக்கப்பட்டதை வாங்குவதே உத்தமம். வாங்கியபின் அந்தப் பெட்டியைப் பிரித்துத் தம் மூளையைக் காட்டாமலிருப்பது அதிலும் உத்தமம். கார் இஞ்சினைத்தான் மாற்றியமைக்கப் போகிறேன் என்பவருக்கு, அதே இஞ்சினோடு அதே விசிறியைப் பல நூறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தவர்களின் வார் அமைப்பே தகுந்தது. விசிறியின் கனம் மாறினாலும் கணக்கு மாறும் என்பதை மறக்கலாகாது. தாமே பற்சக்கரம் வெட்டிப் பெட்டி செய்வதை நாம் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். கோயமுத்தூரில் மிக நேர்த்தியான பற்சக்கரம் வெட்டும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பல் வெட்டுவதில் நமக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் முறுக்கு அதிர்வை அளந்து பார்க்கும் சோதனைச் சாலைகளில்தான். ஹன்ஸாவின் உடல் முழுவதையும் இங்கே செய்த நாம், இஞ்சினை மட்டும் ஆஸ்திரியாவிலிருந்து தருவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குறைந்த சக்தி போதும் என்று திருப்தியடைபவர் நேரே விசிறி பூட்டிய மெதுவான இஞ்சினை வைத்துக்கொண்டு இந்த வம்பையே தவிர்த்துவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தாரின் அனுமதியின்றி ஓர் அங்குலமும் மேலே எழும்பக் கூடாது. அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இஞ்சினையும் இணைப்பையும் விசிறியையும் பூமியில் நாட்டிய இரும்புச் சட்டத்தில் பூட்டி, மணிக்கணக்காக ஓட்டிப் பார்க்க வேண்டும். மெல்ல மெல்ல வேகத்தை ஏற்றி, எந்தச் சுற்றில் சட்டம் நடுங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றில் நிற்காமல் விரைந்து கடந்துவிடப் பழக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பற்சக்கரமானால் காந்தத் திருகைத் துடைத்துப் பார்க்க வேண்டும். வாரானால் உருளையின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால், உருளைகள் நேராக நிற்கவில்லை அல்லது வார் தேய்கிறது என்று அர்த்தம். காரணம் கண்டு திருத்தும் வரையில் விமானம் கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும்.